அடிபட்ட சீட்டில் என் பேத்தி வர வேண்டாம்

மகனே,

ஞானஸ்நானத்துக்குப் பாப்பாவைக் கூட்டி வர எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாயே, பிள்ளைகளை உட்கார வைக்கிற அந்தக் கார் சீட்டை நேற்று மத்தியானம் வெட்டிப் போட்டுவிட்டேன். கை தவறி உடையவில்லை, எலி கடிக்கவில்லை. நண்டு கம்பெனியில் வேலை பார்த்தபோது வாங்கிய பெரிய கத்தரிக்கோல் வீட்டில் கிடக்கிறதே, அதை எடுத்து வாசலில் உட்கார்ந்து, வார் ஒவ்வொன்றாக நானே வெட்டினேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அப்புறம் உன் அக்கா ஸ்டெல்லா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு அழுதால் அவளுக்கும் ஒரு சரி, உன் சித்தப்பா மகன் ஜோசப் வந்து முறைத்தால் அவனுக்கும் ஒரு சரி. அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் டவர் இல்லை என்று நீ கழன்றுகொள்ள முடியாது. படித்து முடித்ததும் இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடு. நான் செய்ததை எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும், எனக்கு அதில் ஒளிவு மறைவு இல்லை.

அந்தச் சீட்டின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்த காலம் அது. ஸ்டெல்லா முதல் பிள்ளை பெற்ற கையோடு மஸ்கட்டில் வாங்கியது. அவள் பிள்ளைகள் இரண்டும் அதில் உட்கார்ந்துதான் வளர்ந்தன. ஊருக்குச் சாமான் அனுப்பும்போது அதையும் சேர்த்துப் போட்டு அனுப்பினாள். இங்கே அப்போது கார் வைத்திருந்தவன் அக்காள்மடத்து ஜோசப் மட்டும்தான், அதுவும் படகுகளை ஃபைபர் போட்டு ஒட்டுகிற சாமான்களை ஏற்றுவதற்காக வாங்கிய பழைய வேன். அவன் பையன் கைக்குழந்தையாக இருந்ததால் சீட்டு அங்கே போனது. ஒருநாள் உச்சிப்புளி தாண்டி வரும்போது, முன்னால் போன மீன் வண்டி சடாரென்று நிற்க, இவன் போய் இடித்தான். வேனின் மூஞ்சி நசுங்கிப்போனது. ஜோசப்புக்கு நெற்றியில் தையல், அவன் பெண்டாட்டி ரோஸ்லினுக்குக் கையில் கட்டு. பின்னால் இந்தச் சீட்டில் இருந்த பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அழக்கூட இல்லையாம், பேந்தப் பேந்த முழித்துக்கொண்டிருந்ததாம்.

அன்றிலிருந்து அது வெறும் சீட்டாக இல்லாமல் போய்விட்டது. ரோஸ்லின் அதன் வாரில் மாதா படம் போட்ட உத்தரியக் கயிற்றைக் கட்டிவிட்டாள். கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே அவள் வீட்டுக்குப் போய்ச் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். பையன் வளர்ந்த பிறகு அதைத் தூர எறிய யாருக்கும் மனசு வரவில்லை. "ராசியான சாமான் பெரியம்மா, உங்க வீட்டுல இருக்கட்டும், அடுத்த புள்ளைக்கு ஆகும்" என்று ஜோசப் கொண்டுவந்து நம் மொட்டைமாடிக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனான். நானும் அதைப் பெரிய சொத்து மாதிரி சாக்குப் போட்டு மூடி வைத்தேன். அடிபட்டதனாலேயே அதற்கு மரியாதை கூடிப்போனது.

ஆனால் எங்களைச் சும்மா பைத்தியக்காரர்கள் என்று நினைத்துவிடாதே. நம் வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுகிற வழக்கம் கிடையாது. நோய் நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கித்தான் முதலில் போடுவோம். துணி துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி இருக்கும், பச்சை உடம்பில் உறுத்தாது. அந்தப் பிள்ளையின் ஆயுசும் இதற்கு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. உனக்கு நான் முதலில் போட்டது ஸ்டெல்லாவின் கவுன்தான், ரோஜாப்பூப் போட்டது. நீ அதில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாய், கோபப்படாதே. துணிக்குச் சரியாக இருந்த வழக்கத்தை யோசிக்காமல் காருக்கும் கொண்டுபோனதுதான் நாங்கள் செய்த தப்பு. "நாலு புள்ளைக்குப் போட்ட சட்டை" என்று சொல்வது போலவே "மூணு புள்ள உக்காந்த சீட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உன் பெண்டாட்டி அன்றைக்கே சொன்னாள். பாப்பாவோடு நீங்கள் இருக்கிற திருவாடானையிலிருந்து அவள் பேசும்போது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய், ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள். "அத்தே, ஒரு தடவ ஆக்சிடென்ட்ல அடிபட்ட சீட்ட மறுபடி போடக் கூடாதாம். அதுவும் ரொம்பப் பழசு, அதுக்கெல்லாம் தேதி இருக்குமாம்" என்று ஜெனிபர் மெதுவாகத்தான் சொன்னாள். நான் என்ன சொன்னேன்? "ஏன் தாயி, அது உங்கள மாதிரி படிச்சவுக வச்ச சட்டம். அந்தச் சீட்டு ஒரு உசுரக் காப்பாத்துனத நாங்க கண்ணால பாத்துருக்கோம்" என்று வாயை அடைத்தேன். அதற்கு மேல் அவள் பேசவில்லை. நீ பேசியிருக்க வேண்டும். நீ "சரிம்மா, அதையே தொடச்சு வைங்க, ரெண்டு மூணு மணி நேரப் பயணம்தான" என்றாய். எனக்கு அப்போது மனசு குளிர்ந்துபோனது. என் மகன் என் பேச்சைத் தட்டமாட்டான் என்று உன் அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். அந்த மனுஷன் எழுந்து வலை பார்க்கப் போய்விட்டார்.

போன வாரம் சீட்டைக் கீழே இறக்கிக் கழுவினேன். மேலே போட்டிருந்த மெத்தைத் துணியை உருவினேன், இத்தனை வருஷத்தில் யாரும் உருவியிருக்க மாட்டார்கள் போல, உள்ளே பிஸ்கட் தூளும் கடல் மணலும் ஒரு சின்னச் சிலுவைப் பதக்கமும் கிடந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தால், தலை சாய்கிற இடத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அழுக்கில்லை, வெடிப்பு. உள்ளே வைத்திருக்கிற தெர்மாகோலும் அதே இடத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது. திருப்பிப் போட்டால் அடியில் பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்த மாதிரி எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த வருஷத்துக்கு மேல் இதை உபயோகிக்காதே என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அந்த வருஷம் எப்போதோ போய்விட்டது. அவ்வளவு தெளிவாகப் பார்த்த பிறகும் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஜோசப்புக்குப் போன் போட்டாள்.

அவன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "இம்புட்டுக்கூண்டு வெடிப்புக்கா பயந்தீக பெரியம்மா? நாரு வச்சு ரெசின் பசை ஊத்துனா கல்லு மாதிரி நிக்கும். கடல்ல அலையில அடிபடுற போட்டையே ஒட்டுறேன், இது என்ன." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவன் ஒட்டிய போட்டில்தானே உன் அப்பா இன்றைக்கும் கடலுக்குப் போகிறார்? மறுநாளே அவன் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். தேய்த்து, ரெசின் போட்டு, அதன் மேல் சாம்பல் நிறப் பெயின்ட்டும் அடித்திருந்தான். பிள்ளை குறை சொல்ல முடியாத வேலைக்காரன். புதுசு மாதிரி மினுமினுவென்று இருந்தது. "எங்கனடா வெடிச்சுருந்துச்சு?" என்று கேட்டால் அவனுக்கே தேடிக் காட்ட வேண்டியிருந்தது. அடியில் இருந்த தேதியும் பெயின்ட்டுக்குள் போய்விட்டது. அவன் போன பிறகு நான் சீட்டை வெயிலில் வைத்து, விரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன், வெடிப்பு இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். வெடிப்பைப் பார்த்தபோது வராத பயம், அது காணாமல் போனபோது வந்தது. நண்டு கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். நாறுகிற நண்டுச் சதையைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை கிடையாது, அதை யாராக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள். வெள்ளை வெளேரென்று, வாடையே இல்லாமல், ஆனால் ஐஸை விட்டு நேரம் தாண்டிப்போன சதைதான் ஆபத்து. அதை நான் கொட்டச் சொன்னால் வேலை பார்க்கிற பிள்ளைகள் அடிவயிற்றிலிருந்து பெருமூச்சு விடுவார்கள், "நல்லாத்தானக்கா இருக்கு" என்பார்கள். கொட்டினால் மட்டும் போதாது. யாராவது எடுத்துக்கொண்டு போய் ஆக்கித் தின்றுவிடக் கூடாது என்று அதன் மேல் பினாயிலை ஊற்றச் சொல்வேன். அப்படிக் கறாராக இருந்தவள், சொந்தப் பேத்திக்கு வெடித்ததை ஒட்டி, பெயின்ட் அடித்து, உத்தரியமும் கட்டிக் கொடுக்க இருந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

நேற்று அதை வாசலில் வைத்து முதல் வாரை வெட்டும்போதே ஜோசப் வந்துவிட்டான். சத்தம் போடுவான் என்று தெரியும், ஆனால் அவன் கண் கலங்குவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"என்ன பெரியம்மா பண்றீக? எம் புள்ள உசுரக் காப்பாத்துன சாமான் அது."

"காப்பாத்துச்சுடா. நான் இல்லைங்கல. உம் புள்ள வாங்க வேண்டிய அடிய அது வாங்கிக்கிருச்சு. அதோட அதுக்குத் தெம்பு போயிருச்சு. இன்னொரு அடிய எப்படிடா வாங்கும்?"

"அதான் ஒட்டிட்டேன்ல?"

"நீ ஒட்டுன போட்டுல தண்ணி ஏறுச்சுன்னா உங்க பெரியப்பா நீந்தி வந்துருவாரு, இல்ல பக்கத்துப் போட்டுக்காரன் தூக்கிருவான். கார் மோதுனா எம் பேத்திக்கு அந்த நேரம் எங்கனடா இருக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ரோஸ்லினும் மாசமா இருக்கா பெரியம்மா. உங்க பேத்திக்கு அப்புறம் எங்களுக்குத்தான்னு சொல்லி வச்சுருந்தா" என்றான். அதைக் கேட்டதும் என் கை இன்னும் வேகமாகப் போனது. நம் பாப்பாவுக்கு வேண்டாம் என்று நான் ஒதுங்கிவிட்டால் அது அடுத்த வாரமே அக்காள்மடத்துக்குப் போய்விடும், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரிக்கு யார் சொல்லப் போகிறார்கள்? உத்தரியத்தை மட்டும் அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன். வார் எல்லாவற்றையும் வெட்டினேன், கொக்கியை உடைத்தேன், அவன் அடித்த பெயின்ட் மேலேயே "விபத்தில் அடிபட்டது, பிள்ளையை வைக்காதே" என்று மார்க்கரில் எழுதினேன். அவன் போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை. இரண்டு நாளில் வந்துவிடுவான், எனக்கு அவனைத் தெரியும்.

உன் அக்கா அப்படி இல்லை. நானே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எம் புள்ளைக ரெண்டும் அதுலதான வளந்துச்சு, அப்ப நான் குடுத்தது குப்பையாம்மா?" என்று கேட்டாள். தூரத்தில் இருக்கிறவளுக்கு இங்கே இருக்கிற ஒவ்வொரு சாமானும் தன்னுடைய ஆளாகத் தெரியும் போலிருக்கிறது. நான் அவளிடம் சொன்னது இதுதான்: நீ கொடுத்தபோது அது தங்கம். உன் பிள்ளைகளோடு நின்று, அடிபடாமல், தேதிக்குள் இருந்திருந்தால் நானே பாப்பாவை அதில் தூக்கி உட்கார வைத்திருப்பேன். அவள் கேட்டுக்கொண்டாளா இல்லையா என்று தெரியாது, போனை வைத்துவிட்டாள். அவளிடம் நீ பேசு. மன்னிப்புக் கேட்காதே, நான் செய்தது சரி என்று அவளிடம் சொல்.

பழசு என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை, அதையும் தெளிவாகப் புரிந்துகொள். பழைய கவுனைத் தாராளமாகப் போடு, தொட்டில் சேலைக்கு என் பழைய நூல் சேலையை வைத்திருக்கிறேன், அதைப் போல மெத்தென்று கடையில் கிடைக்காது. நாளைக்கு உன் கூட வேலை பார்க்கிறவன் யாராவது சீட்டு தருகிறேன் என்றால், யார் வாங்கினது, எங்கேயாவது இடித்ததா, தேதி என்ன, எல்லாக் கொக்கியும் வாரும் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேள். எல்லாவற்றுக்கும் நேரான பதில் வந்தால் வாங்கிக்கொள். ஒன்றுக்காவது "இருக்கும்", "தெரியல" என்று பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. நம் ஊர் வெயிலும் உப்புக்காற்றும் பிளாஸ்டிக்கை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாததா? உன் நிச்சயதார்த்தத்தன்று மாடியிலிருந்து இறக்கிய நாற்காலியில் உன் அப்பா ஜம்மென்று உட்கார்ந்தாரே. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலு காலும் நாலு பக்கம் போக, சம்பந்தி வீட்டார் முன்னால் மனுஷன் வேட்டியோடு தரையில் கிடந்தார். அன்றைக்கு நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். பந்தல் நிழலில், மணல் தரையில் நடந்ததால் சிரிக்க முடிந்தது.

ஆகவே பாப்பாவுக்குப் புதுச் சீட்டு வாங்கு. கடைக்கு ஜெனிபரையும் கூட்டிக்கொண்டு போ, அவள் சொல்வதை வாங்கு. கைப்பிள்ளையை முன் சீட்டில் வைக்கக் கூடாதாம், பின் சீட்டில், முகம் பின்பக்கம் பார்க்க வைக்க வேண்டுமாம். நேற்றுச் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி தாயி, நான் வாயடிச்சது தப்பு" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் அழுதுவிட்டாள். ஏன் அழுதாள் என்று நீ யோசிக்க வேண்டும். சீட்டுக்காக மட்டும் அழவில்லை. தன் பிள்ளைக்காக அவள் ஒரு வார்த்தை சொன்னபோது நீ என் பக்கம் சாய்ந்தாயே, அதற்காகத்தான் அழுதாள். சின்ன வயதிலிருந்தே நீ யாரையும் எதிர்த்துப் பேசினதில்லை, தெருவே உன்னை நல்ல பிள்ளை என்றது, எனக்கும் அது பெருமையாக இருந்தது. இனி அது போதாது. இப்போது உன்னை நம்பி ஒரு உயிர் இருக்கிறது, அதற்கு வாய் கிடையாது. அதற்காக நீதான் பேச வேண்டும், எதிரில் நிற்பது பெற்ற தாயாக இருந்தாலும்.

நீ அதைச் செய்வாய் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் நானும் அப்பாவும் திருவாடானை வந்து உங்களோடு காரில் திரும்புகிறோம். நான் பின்னால் பாப்பா பக்கத்தில் உட்காருவேன். வழியில் எங்கேயாவது அவள் வீறிட்டு அழுவாள், கைப்பிள்ளை அழத்தான் செய்யும். தேவிபட்டினத்திலோ மண்டபத்திலோ அழுதால் வண்டியை ஓரமாக நிறுத்து, எடுத்து என் கையில் கொடு, ஜெனிபரிடம் பால் குடிக்கட்டும், அடங்கினதும் மறுபடி வைத்து வாரை மாட்டிக் கிளம்பு. பாம்பன் பாலத்தில் ஏறின பிறகு அழுதால் நிறுத்த முடியாது. இரண்டு பக்கமும் கடல், காற்று அடித்துக்கொண்டிருக்கும், பிள்ளை மூச்சு முட்ட அழும், என்னால் அதைத் தாங்க முடியாது. "வார அவுத்துவிடுடா, பாலம் தாண்டுற வரைக்கும் மடியில வச்சுக்கிறேன்" என்று கேட்பேன். திட்டுவேன், கெஞ்சுவேன், நான் உன்னை மடியில் வைத்து வளர்க்கவில்லையா என்றுகூடக் கேட்பேன். இந்தக் கடிதத்தை எழுதினவளே அப்படிக் கேட்பாளா என்று ஆச்சரியப்படாதே, கேட்பேன். நீ கொடுக்காதே. அவளும் அழட்டும், நானும் அழுகிறேன். எங்கள் இரண்டு பேரையும் அழவிட்டு நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு.

அம்மா